காக்டெயிலுக்கான மூலிகை, மலர் சிரப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலைகளையும் பூக்களையும் நேராகக் கோப்பையில் போடாமல் சிரப்பாக்குவதால் என்ன பயன்?

சர்க்கரை ஆல்கஹாலில் மிகக் குறைவாகவே கரையும். கோப்பையில் இருக்கும் கொஞ்ச நீரும் பனிக்கட்டி விழுந்தவுடன் குளிர்ந்துவிடுவதால், எவ்வளவு குலுக்கினாலும் அடியில் நறநறப்பு மிஞ்சத்தான் செய்யும். சர்க்கரையை முன்கூட்டியே நீரில் கரைத்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. அந்த நீரிலேயே ஒரு மூலிகையின் மணத்தையும் ஏற்றிவிட்டால், இனிப்பும் மணமும் ஒரே அளவில் ஒவ்வொரு கோப்பைக்கும் போய்ச் சேரும். இலையைக் கோப்பையில் போட்டு இடிக்கும்போது ஒன்றில் மணம் தூக்கலாகவும் அடுத்ததில் மங்கலாகவும் அமைவதும், இலைத்துணுக்குகள் உறிஞ்சுகுழாயை அடைப்பதும் இதனால் தவிர்க்கப்படுகின்றன. வெள்ளை ரம், புதினா, எலுமிச்சை சேர்ந்த மொஹிட்டோ என்ற காக்டெயிலுக்கு மட்டும் புதுப் புதினா இலையையே விரும்புகிறேன். அதில் இலை வாயில் படுவதும் சுவையின் ஒரு பகுதி.

சர்க்கரையும் நீரும் எந்த அளவில் சேர வேண்டும்?

இரண்டு அளவுகள் வழக்கத்தில் உள்ளன. ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு நீர் சேர்ப்பது சாதாரண சிரப்; இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு நீர் சேர்ப்பது கெட்டிச் சிரப். இரண்டிலும் பங்கு என்பதை எடையால் கணக்கிடுவதே நல்லது. ஒரு கப் சர்க்கரை ஏறக்குறைய 200 கிராம்தான் இருக்கும், ஒரு கப் நீரோ 240 கிராமை நெருங்கும். எனவே கப்பால் அளந்து செய்யும் சிரப் எப்போதும் சற்று நீர்த்தே இருக்கும். அப்படிச் செய்து பழகியவர் வேறொருவரின் எடைக்கணக்குக் குறிப்பைப் பின்பற்றும்போது பானம் திகட்டுவதாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

200 கிராம் சர்க்கரையும் 200 மில்லிலிட்டர் நீரும் சேர்ந்தால் ஏறக்குறைய 325 மில்லிலிட்டர் சிரப் கிடைக்கும். ஒரு கோப்பைக்கு 20 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால் இது 16 கோப்பைகளுக்குப் போதும். மலர்ச் சிரப்புகளின் மணம் நாள்பட மங்குவதால், வீட்டில் செய்பவர் இதைவிடப் பெரிய அளவில் ஒரே தடவையில் செய்யாதிருப்பது நல்லது.

எவ்வளவு நேரம் கொதிக்க வைக்க வேண்டும்?

கொதிக்கவே வைக்க வேண்டியதில்லை என்பதுதான் பெரும்பாலான இலைகளுக்கும் ஏறக்குறைய எல்லாப் பூக்களுக்கும் உரிய விடை. ஒரு பங்குக்கு ஒரு பங்கு என்ற அளவில் சர்க்கரை கரைவதற்கு வெந்நீரே போதும், கொதி தேவையில்லை. கொதிக்கும்போது நீர் ஆவியாகிச் சிரப் கெட்டிப்படுவதால் அளந்து போட்ட கணக்கு குலைகிறது. அடுப்பை மறந்து வேறு வேலைக்குப் போனால் அது கம்பிப் பதத்துக்கே சென்றுவிடும், அதற்குப் பிறகு குளிர்ந்த பானத்தில் கலக்காது. அதைவிடப் பெரிய இழப்பு மணத்தில் நேர்கிறது. பூவின் வாசனையும் இலையின் வாசனையும் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களால் ஆனவை. சமையலறை முழுவதும் மணக்கிறது என்றால் அந்த அளவுக்குப் பாத்திரத்தில் மணம் குறைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஆகவே நீரைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, மூலிகையைப் போட்டு, இறுக்கமான மூடியால் மூடி ஊறவைப்பதே பொதுவான முறை. ஊறிய பின் மூடியைத் திறக்கும்போது அதன் உட்புறத்தில் திரண்டிருக்கும் நீர்த்துளிகளைப் பாத்திரத்துக்குள்ளேயே வழித்துவிட வேண்டும், ஆவியோடு எழுந்த மணத்தில் ஒரு பகுதி அந்தத் துளிகளில்தான் இருக்கிறது. முதலில் வெறும் நீரில் ஊறவைத்து வடித்தபின் சர்க்கரையைச் சேர்ப்பது, கெட்டியான பாகில் ஊறவைப்பதைவிட விரைவாகச் சாரத்தை இறக்கும். ஆனால் இலைகள் நீரில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், வடித்த நீரை மறுபடி எடைபோட்டு அதற்கு ஈடான சர்க்கரையைச் சேர்க்க வேண்டும்.

புதினாச் சிரப் பச்சையாக இல்லாமல் பழுப்பாகிவிடுகிறதே, ஏன்?

இலை நசுங்கும்போது அதிலுள்ள ஒரு நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இலையைக் கருக்கச் செய்கிறது. நறுக்கிய ஆப்பிள் கருப்பதும் இந்த வினையால்தான். அந்த நொதியைச் சூட்டால் செயலிழக்கச் செய்துவிட்டால் நிறம் நிற்கும். 30 கிராம் புதினா இலைகளைக் காம்பு நீக்கிக் கொதிக்கும் நீரில் 15 வினாடிகள் மட்டும் முக்கியெடுத்து, உடனே பனிக்கட்டி போட்ட நீரில் அமிழ்த்த வேண்டும். இலை கரும்பச்சையாக மினுங்கித் துவண்டிருக்கும். அதை நன்றாகப் பிழிந்து, முற்றிலும் ஆறிய 325 மில்லிலிட்டர் சாதாரண சிரப்போடு மிக்ஸியில் அரை நிமிடம் ஓட்டி, மெல்லிய துணியில் வடித்தால் கண்ணாடிக் குடுவையில் ஒளி ஊடுருவும் பச்சைநிறச் சிரப் கிடைக்கும். துணியை மூர்க்கமாக முறுக்கினால் இலைக்கூழ் இறங்கிச் சிரப் கலங்கும். தானாக வடிய விட்டுவிட்டு இறுதியில் மெல்ல அழுத்துவதே போதும்.

சூடான சிரப்போடு சேர்த்து அரைத்தால் இவ்வளவு பாடும் வீண். எலுமிச்சைச் சாற்றையும் சிரப்பில் முன்கூட்டியே சேர்க்கக் கூடாது, புளிப்பு பச்சையத்திலுள்ள மக்னீசியத்தை வெளியேற்றி நிறத்தைக் காய்ந்த ஆலிவின் நிறத்துக்கு மாற்றிவிடும். கோப்பையில் சேரும்போதும் இந்த மாற்றம் நிகழத்தான் செய்யும் என்றாலும், குடித்து முடிப்பதற்குள் அது கண்ணில் படாது. துளசி, பேசில், கொத்தமல்லி ஆகிய மென்மையான இலைகளுக்கும் இதே முறை பொருந்தும். நிறத்தைப் பொருட்படுத்தாதவர் இலைகளைச் சூடான சிரப்பில் 20 நிமிடம் ஊறவைத்து வடித்தால் போதும். சுவை சற்றே தேநீர்ப் பாங்கில் இருக்கும், குறையொன்றும் இல்லை.

ரோஸ்மேரி, தைம் போன்ற விறைப்பான மூலிகைகளை எப்படிக் கையாள்வது?

இவை சூட்டைத் தாங்கும். கொதிவந்து அணைத்த சிரப்பில் இரண்டு விரல் நீளமுள்ள ரோஸ்மேரிக் கிளைகள் மூன்றைப் போட்டு மூடி, 15 நிமிடம் கழிந்ததும் ருசி பார்க்கத் தொடங்கலாம். அரை மணியைத் தாண்டினால் கற்பூர நெடி மேலோங்கித் தைலத்தின் நினைவு வந்துவிடும். தைம் இன்னும் சற்றுப் பொறுமையானது. எலுமிச்சைப்புல்லின் வெண்மையான அடித்தண்டையும் இஞ்சியையும் நசுக்கி, அவற்றை மட்டும் மிதமான தீயில் 5 நிமிடம் கொதிக்க விடலாம். கொதியால் இழப்பைவிட ஆதாயமே அதிகமாக இருக்கும் அரிய பொருள்கள் அவை.

பூக்களின் மணத்தை எப்படிச் சிரப்பில் பிடிப்பது?

பூவுக்குப் பூ முறை மாறும். ஒரே குறிப்பை எல்லாப் பூக்களுக்கும் பயன்படுத்துவதுதான் மலர்ச் சிரப்புகள் சோப்பு வாசனை அடிப்பதற்கும் மணமே இல்லாமல் போவதற்கும் முதற்காரணம் என்பேன்.

ரோஜாவில் முதலில் பார்க்க வேண்டியது நிறத்தையன்று, வாசனையையே. முகர்ந்தால் மணக்காத பூ சிரப்பிலும் மணக்காது. இதழ்களின் அடியிலுள்ள வெளிறிய முனை கசக்கும் என்பதால் அதைக் கத்தரியால் நறுக்கிவிட்டு, 30 கிராம் இதழ்களைக் கொதி தணிந்த 200 மில்லிலிட்டர் நீரில், அதாவது ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸ் சூட்டில், போட்டு மூடி ஆறும்வரை விட வேண்டும். இதழ்கள் வெளுத்துப்போகும், நீர் மங்கலான சாம்பல் கலந்த ஊதா நிறமாக இருக்கும். அதைக் கண்டு ஏமாற வேண்டியதில்லை. சில துளி எலுமிச்சைச் சாறு விழுந்ததும் அந்நீர் பளிச்சென்று இளஞ்சிவப்பாக மாறிவிடும். மணம் போதவில்லை என்று தோன்றினால், சர்க்கரை கரைந்து ஆறியபின் ஒரு தேக்கரண்டி பன்னீர் சேர்ப்பதில் தவறில்லை. ரோஜாவின் மணத்துக்குரிய பொருள்களில் முக்கியமான ஒன்று நீரில் நன்கு கரையக்கூடியது என்பதால்தான் பன்னீருக்கு அத்தனை மணம்.

மல்லிகைக்குச் சூடே ஆகாது. மொட்டுகள் இரவில் விரியும்போதுதான் மணம் உச்சத்தில் இருக்கும். அப்போது பறித்த பூக்களை, காம்பும் பச்சைப் புல்லியும் நீக்கி, குளிர்ந்த சிரப்பில் போட்டு, வாயை மூடி ஓர் இரவு முழுவதும் வைத்திருந்து காலையில் வடிக்க வேண்டும். போதாதென்றால் அடுத்த இரவு புதிய பூக்களைப் போடலாமே தவிர, பழைய பூக்களையே இரண்டு நாள் விட்டுவைக்கக் கூடாது, வாடிய பூ அழுகல் நெடியைத் தரும். பூ கிடைக்காதவர்கள் மல்லிகை மணமேற்றிய பச்சைத் தேயிலையை 80 டிகிரி நீரில் 3 நிமிடம் ஊறவைத்து அந்நீரில் சர்க்கரையைக் கரைக்கலாம். நேரம் கூடினால் துவர்ப்பு ஏறும்.

லாவெண்டரில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். உலர்ந்த பூ ஒரு மேசைக்கரண்டி 200 மில்லிலிட்டர் நீருக்கு ஏராளம். 8 முதல் 10 நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். மணம் குறைவாகத் தோன்றினாலும் நேரத்தை நீட்டக் கூடாது, நீட்டினால் கசப்பும் குளியலறை வாசனையும்தான் கூடும். அடுத்த முறை பூவின் அளவைக் கூட்டிக்கொள்வதே சரி. சாமந்திக் குடும்பத்துப் பூவான கெமோமிலுக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

எல்டர் என்ற புதர்ச்செடியின் வெண்ணிறப் பூவான எல்டர்ஃபிளவர் கிடைப்பவர்கள் அதைக் கழுவாமல் உதறிப் பூச்சிகளை மட்டும் நீக்கிப் பயன்படுத்துவது நல்லது, அதன் மகரந்தத்திலும் மணம் உண்டு. ஆனால் அச்செடியின் பச்சைத் தண்டிலும் இலையிலும் சயனைடை வெளியிடக்கூடிய சேர்மங்கள் இருப்பதால், பூக்களைக் காம்பு தவிர்த்துக் கிள்ளியெடுப்பது கட்டாயம்.

நிறத்துக்காக எந்தப் பூக்களைப் பயன்படுத்தலாம்?

ரோசெல் எனப்படும் புளிச்சை வகைச் செம்பருத்தியின் உலர்ந்த புல்லிதழ்கள் 15 கிராமை 250 மில்லிலிட்டர் வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்தால் அடர்ந்த மாணிக்கச் சிவப்பு கிடைக்கும். இதற்கென்று புளிப்பும் இருப்பதால் பானத்தில் எலுமிச்சைச் சாற்றை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். புளிப்பு அலுமினியத்தைத் தின்னும் என்பதால் எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரம் தேவை.

சங்குப்பூவுக்குச் சொல்லத்தக்க சுவை கிடையாது, அதன் பெருமையெல்லாம் நிறத்தில்தான். பத்துப் பதினைந்து உலர்ந்த பூக்கள் 200 மில்லிலிட்டர் வெந்நீரைக் கருநீலமாக்கிவிடும்; புளிப்பு சேர்ந்ததும் அந்நீலம் ஊதாவாகும். விருந்தினர் கண்முன் நிறம் மாற வேண்டுமானால் ஜின், சிரப், சோடா மூன்றையும் முதலில் பனிக்கட்டியோடு கோப்பையில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில் மேலிருந்து ஊற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஷேக்கரில் சேர்த்துக் குலுக்கினால் மாயம் உள்ளேயே முடிந்துவிடும்.

எந்தச் செடிகளைத் தொடவே கூடாது?

உண்ணத்தக்கது என்று ஐயமின்றி அடையாளம் தெரியாத எதையும் பயன்படுத்தக் கூடாது. அரளி, ஊமத்தை, செங்காந்தள், ஃபாக்ஸ்குளோவ், லில்லி ஆஃப் த வேலி ஆகியவை கொடிய நஞ்சுடையவை. சூட்டாலும் சர்க்கரையாலும் அந்த நஞ்சு நீங்காது. இவற்றை அழகுக்காகக் கோப்பையின் விளிம்பில் செருகுவதுகூட ஆபத்து. மல்லிகை என்ற பெயரைத் தாங்கிய எல்லாமே மல்லிகை அல்ல, கரோலைனா ஜெசமின் எனப்படும் மஞ்சள் பூக்கொடி முழுவதும் நச்சுத்தன்மை கொண்டது. அலங்காரத்துக்காக விற்கப்படும் பூக்கள் உணவுக்குரிய பாதுகாப்பு விதிகளின்படி வளர்க்கப்படுவதில்லை என்பதால், பூச்சிமருந்து படாத, உண்பதற்கென்றே வளர்த்த பூக்களையே தேட வேண்டும்.

புகையிலையை ஊறவைத்த சிரப் புகைமணம் தரும் என்று சிலர் பரிந்துரைப்பதுண்டு. நிக்கோட்டின் நீரில் நன்றாக இறங்கும், எவ்வளவு இறங்கியது என்பதை வீட்டில் அறிய வழியில்லை. எனவே அதைச் செய்யவே கூடாது. சின்கோனாப் பட்டையைக் கொண்டு வீட்டில் டானிக் சிரப் காய்ச்சுவதிலும், அப்பட்டையிலுள்ள குவினைன் என்ற கசப்புப் பொருள் மிகுந்து காதிரைச்சலும் தலைச்சுற்றலும் வரும் ஆபத்து உள்ளது. சாமந்திக் குடும்பத்துப் பூக்களின் மகரந்தம் ஒவ்வாதவர்களுக்குக் கெமோமிலும் ஒவ்வாமல் போகலாம் என்பதால் விருந்தினரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

உலர்ந்ததைப் பயன்படுத்தினால் அளவு எப்படி மாறும்?

பொதுவாகப் புதியதன் மூன்றில் ஒரு பங்கு போதும். புதினா, பேசில், கொத்தமல்லி ஆகியவற்றை மட்டும் உலர்ந்த நிலையில் வாங்காமலிருப்பது மேல். உலர்ந்தபின் அவற்றில் வைக்கோல் மணமே மிஞ்சுகிறது.

சிரப் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கரண்டியால் எடுத்து நக்கிப் பார்ப்பது ஏமாற்றும். காக்டெயிலில் பனிக்கட்டி உருகிச் சேரும் நீரையும் கணக்கில் கொண்டால் சிரப் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் இருக்கும். அதோடு குளிர்ச்சி இனிப்பையும் மணத்தையும் மட்டுப்படுத்தும். எனவே ஒரு தேக்கரண்டி சிரப்பை ஆறு தேக்கரண்டி குளிர்ந்த நீரில் கலந்து, இரண்டு துளி எலுமிச்சைச் சாறு விட்டுக் குடித்துப் பார்க்க வேண்டும். அதில் மூலிகையை இனங்காண முடிந்தால் சிரப் தேறிவிட்டது. மணம் மிஞ்சிவிட்டால் வெறும் சர்க்கரைச் சிரப்பைச் சேர்த்து நீர்க்கச் செய்யலாம். கசப்பு ஏறிவிட்டால் ஓரிரு சிட்டிகை உப்பு அதைச் சற்று மறைக்கும், போக்கிவிடாது.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகத் தேனோ பழுப்புச் சர்க்கரையோ சேர்க்கலாமா?

விறைப்பான மூலிகைகளோடு இரண்டும் நன்றாகவே சேரும். தைம் ஊறிய வெந்நீர் ஒரு பங்குக்குத் தேன் இரண்டு பங்கு கலந்து, ஜின்னும் எலுமிச்சையும் சேர்த்தால் மிக நல்ல பானம் கிடைக்கும். ரோஸ்மேரியும் பழுப்புச் சர்க்கரையும் விஸ்கிக்குப் பொருத்தம். பூக்களுக்கு வெள்ளைச் சர்க்கரையைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதே என் கருத்து. தேனுக்கென்று ஒரு பூமணம் ஏற்கெனவே உண்டு, அது மற்றொன்றை மேலெழ விடாது.

எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

குளிர்பதனப் பெட்டியில் வைத்த சாதாரண அளவு மூலிகைச் சிரப்பை இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். அரைத்துச் செய்த பச்சைநிறச் சிரப்புகள் மூன்று நாள் வரைதான் நிறத்தோடு இருக்கும். சர்க்கரை பதப்படுத்தும் என்பது உண்மையே ஆயினும், ஒன்றுக்கு ஒன்று அளவில் உள்ள 50 விழுக்காட்டுச் சர்க்கரை அதற்குப் போதாது. ஏறக்குறைய 65 விழுக்காட்டை எட்டும்போதுதான் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நீர் கிடைக்காமல் போகிறது. ஆகவே கெட்டிச் சிரப் கூடுதல் நாள் தாங்கும். ஒரு மேசைக்கரண்டி வோட்கா சேர்த்தால் கெடவே கெடாது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. 325 மில்லிலிட்டர் சிரப்பில் 40 விழுக்காட்டு வோட்கா 15 மில்லிலிட்டர் சேர்த்தால் மொத்தத்தில் ஆல்கஹால் 2 விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. அது சிறிது உதவும், காப்புறுதி ஆகாது.

குடுவையை 10 நிமிடம் நீரில் கொதிக்கவைத்துக் காயவிட்டு நிரப்புவதும், வடிகட்டியபின் ஓர் இலைத்துணுக்குகூட உள்ளே தங்காமல் பார்த்துக்கொள்வதும் வோட்காவைவிடப் பயன் தரும். மேலே பஞ்சுபோன்ற பூஞ்சை, குமிழிகள், திறக்கும்போது காற்றுச் சீறும் ஒலி, கள் வாடை இவற்றுள் எது தென்பட்டாலும் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் சில மாதங்கள் வரை மணம் தாங்கும்.

கெட்டிச் சிரப்பில் அடியில் கற்கண்டு படிகிறதே?

அறை வெப்பத்தில் ஒரு பங்கு நீர் ஏறக்குறைய இரண்டு பங்கு சர்க்கரையைத்தான் தாங்கும். கெட்டிச் சிரப் அந்த எல்லையிலேயே நிற்பதால், குளிர்ந்ததும் மிகுதி படிகமாகி விழுகிறது. வெந்நீரில் குடுவையை நிறுத்தினால் கரைந்துவிடும். சர்க்கரையைக் கரைக்கும்போது ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் சேர்த்துச் சில நிமிடம் சூடாக்கினால், சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்து படிகமாவதைத் தடுக்கும்; ஆனால் இதை மூலிகை சேர்ப்பதற்கு முன்பே செய்துகொள்ள வேண்டும்.

ஒரு கோப்பைக்கு எவ்வளவு ஊற்றுவது, எந்த மதுவோடு எது சேரும்?

மது 60, எலுமிச்சைச் சாறு 25, சாதாரண சிரப் 20 மில்லிலிட்டர் என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. பனிக்கட்டியோடு 12 வினாடி வேகமாகக் குலுக்கி வடிக்கலாம். கெட்டிச் சிரப்பாக இருந்தால் 14 மில்லிலிட்டர் போதும். வெள்ளை ரம்மோடு புதினாவும் எலுமிச்சைப்புல்லும், ஜின்னோடு லாவெண்டரும் ரோஜாவும் தைமும், டெக்கீலாவோடு ரோசெல்லும் கொத்தமல்லியும் ஒத்துப்போகும். மல்லிகைக்கு வோட்கா, அதுவும் குறைந்த அளவில். பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியோடு மென்மையான பூக்கள் சேர்ந்தால் பூ காணாமல் போய்விடும்.

வாசனை எண்ணெய்த் துளிகளை விட்டால் வேலை எளிதல்லவா?

எண்ணெய் சிரப்பில் கரையாமல் மேலே மிதக்கும். ஒரு கோப்பைக்கு ஒன்றும் வராது, அடுத்ததில் மொத்தமும் வந்து விழும். வாசனைச் சிகிச்சைக்காக விற்கப்படும் எண்ணெய்கள் உட்கொள்வதற்கானவையும் அல்ல.

மது அருந்தாதவர்களுக்கு இதே சிரப் பயன்படுமா?

நன்றாகவே பயன்படும், வோட்கா சேர்க்காமல் செய்திருந்தால். 30 மில்லிலிட்டர் சிரப், 25 மில்லிலிட்டர் எலுமிச்சைச் சாறு, 120 மில்லிலிட்டர் சோடா என்று கலக்கலாம். மதுவின் காரம் இல்லாததால் ரோஸ்மேரி, இஞ்சி போன்று சற்றுக் கடிக்கும் சுவையுள்ளவை இங்கே மலர்களைவிட எடுபடும்.

வடித்தபின் மிஞ்சும் இலைகளையும் இதழ்களையும் என்ன செய்வது?

அரைத்த புதினாவையும் ஊறிய தேயிலையையும் எறிந்துவிடலாம், அவற்றில் ஒன்றும் மிச்சமில்லை. ரோஜா இதழ்களையும் ரோஸ்மேரிக் கிளைகளையும், முதலில் வெறும் நீரில் ஊறவைத்திருந்தாலும், சர்க்கரையில் புரட்டி 90 டிகிரி ஓவனில் மொறுமொறுப்பாகும்வரை உலர்த்தலாம். ரோசெல் புல்லிதழ்களைச் சர்க்கரையோடு மேலும் சற்று நேரம் வேகவைத்தால் மெல்லக்கூடிய இனிப்புத் துண்டுகளாகிவிடும். குச்சியில் குத்திக் கோப்பையின் மேல் வைப்பதற்கு அவை ஏற்றவை.